பனி லாரிக்காரர்களின் பீப்பாய்

சனிக்கிழமை, காலை 7.50.

ஐம்பது பவுண்டு இருக்கும் என்று மூச்சைப் பிடித்துத் தூக்கிய பீப்பாய் பத்து பவுண்டுகூட இல்லை. டுவேன் பெல்க்கி அதை அணைத்தபடியே பின்னால் போய்ச் சுவரில் மோதினான். நிதானித்து நின்று ஒருமுறை குலுக்கிப் பார்த்தான். உள்ளே ஒன்றும் சலசலக்கவில்லை.

"போச்சு," என்றான். "அஞ்சு கேலனும் போச்சு."

"நீயே குடிச்சிட்டியாடா?" என்றாள் பெவ் டெர்வோ.

"விளையாட்டுக்குச் சொல்லல பெவ். நேத்து ராத்திரி நிறைஞ்சு இருந்துச்சு. இப்ப காலி."

டவுன் ஹாலின் பின் அறையில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள். டுவேன், வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவன். பெவ்வுக்கு அறுபத்தாறு வயது. அந்த வட்டாரத்தில் கறுப்பு பீரை அவளைப் போலக் காய்ச்ச ஆளில்லை என்பதை மற்றவர்கள் சொல்வதற்குள் அவளே சொல்லிவிடுவாள். மூன்றாவது ஆள் லோர்னா ஹெய்க்கிலா. ஊர் தண்ணீர் இலாகாவில், தரைக்கடியில் எங்கே குழாய் கசிகிறது என்று கண்டுபிடிக்கிற வேலை அவளுக்கு.

காணாமல் போனது சாதாரண பீர் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஏரியிலிருந்து கிளம்பிய பனி இருபது அடிக்கு மேல் கொட்டியிருந்தது. பனி தள்ளும் லாரி ஓட்டுகிற பதினோரு பேர் இல்லையென்றால் ஊரே உள்ளே கிடந்து செத்திருக்கும். ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு அவர்களைக் கூப்பிட்டு, இறைச்சியும் கிழங்கும் வைத்த பாஸ்டியோடு ஆளுக்கொரு கோப்பை ஊற்றிக் கொடுப்பது சங்கத்தின் வழக்கம். அதற்கென்று ஆறு வாரம் பழுக்கவிட்ட பழுப்பு பீர் அது.

லோர்னாவுக்கு அந்த பீரில் தனியாக ஒரு பங்கு இருந்தது. ஜனவரிப் புயலன்று குடல்வால் வெடித்து அவளை ஆம்புலன்சில் ஏற்றினார்கள். நாற்பது மைல் தூரமும் முன்னால் ஒரு பனி லாரி வழி வெட்டிக்கொண்டே போனது. கண்ணாடி வழியாக அதன் ஆரஞ்சு விளக்கு சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தபடி அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அந்த லாரியை ஓட்டியவன் ஆர்வோ நியெமி.

அந்தப் பெயரைத்தான் டுவேன் இப்போது சொன்னான்.

"இந்த ரூமுக்குச் சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு ஆர்வோகிட்ட."

பெவ் சிரிப்பை நிறுத்தினாள். ஆர்வோவும் சங்கத்துக்காரன்தான், ஆனால் குடிப்பதில்லை. நாலு வருஷமாக ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. அதற்கு முன்னால் குடித்ததில் மனைவி போனாள், மகள் பேச்சை நிறுத்தினாள். குடியை விட்ட பிறகும் நண்பர்களை விட மனசு வரவில்லை. அதனால் சங்கத்து பீப்பாய்களைப் பழுதுபார்க்கிற வேலையைத் தானே கேட்டு எடுத்துக்கொண்டான். தேய்ந்த ரப்பர் வளையம், உடைந்த ஸ்பிரிங், ஓட்டை விழுந்த குழாய் எல்லாவற்றையும் அவன்தான் மாற்றுவான். சுவை பார்க்க மட்டும் யாரையாவது கூப்பிடுவான்.

"அவனா இருக்காது," என்றாள் லோர்னா.

"அவனா இருக்கக் கூடாதுன்னுதான் எனக்கும் ஆசை," என்றான் டுவேன். "ஆனா மத்தியானம் அவன் மக கிறிஸ்டா வர்றா. கைக்குழந்தையோட. பொறந்து ஏழு மாசமாச்சு, பேரனோட முகத்தை அவன் இன்னும் பார்த்ததில்லை. 'அப்பா ஒரு சொட்டு குடிச்சாலும் வரமாட்டேன் மாமா, நீங்கதான் எனக்குப் பொறுப்பு'ன்னு சொல்லிட்டுக் கிளம்பியிருக்கா. என் தங்கச்சிக்கும் வாக்கு குடுத்திருக்கேன். இதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படி வாயை மூடிட்டு இருக்கிறது?"

ஆர்வோ அவனுடைய தங்கையின் பழைய கணவன். கல்யாணம் முறிந்தும் மச்சான் உறவு முறியாமல் பார்த்துக்கொண்டவன் டுவேன்தான். அந்த முகத்தில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் என்று லோர்னாவுக்குத் தெரிந்தது.

"பத்தரை வரைக்கும் எனக்கு நேரம் குடு. அதுக்கப்புறம் அவளுக்கு போன் பண்ணு. நான் தடுக்கமாட்டேன்."

காலை 8.05.

முதலில் தரை. சிமெண்ட் தரை எலும்பாகக் காய்ந்திருந்தது. பீப்பாய்களைக் குளிரில் வைக்கிற பெட்டி ஃப்ரீசரின் உள்பக்கத்து அடித்தளமும் அப்படித்தான்.

ஃப்ரீசரின் நெற்றியில் பீர் பிடிக்கிற இரண்டு குழாய் முனைகள். அவற்றின் வாயில் வியாழக்கிழமை அவளே செருகிய பிளாஸ்டிக் மூடிகள் அப்படியே இருந்தன. கீழே இருந்த தட்டில் தூசி படிந்திருந்தது.

ஃப்ரீசருக்குள் மூன்று பீப்பாய்கள். ஒன்று, டுவேன் ஹோஸோடு அப்படியே திரும்ப இறக்கிவைத்த காலியான பழுப்பு பீர் பீப்பாய். இன்னொன்று பெவ்வின் கறுப்பு பீர், நிறைந்திருந்தது. மூலையில் மூன்றாவது. அதன் கைப்பிடியில் ஆர்வோவின் கையெழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'காலி. கழுவி, கிருமி சாக மருந்துத் தண்ணி விட்டு வடிச்சாச்சு. மூடி வளையம் வெடிச்சிருக்கு. புதுசு சனிக்கிழமை கொண்டு வரேன். தொடாதீங்க.' வெளியே ஒரு கேஸ் சிலிண்டர். அதிலிருந்து போன ரப்பர் ஹோஸ் உள்ளே மூன்று கிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு பீப்பாயின் தலையிலும் கேஸ் ஏறுகிற மூக்கில் மாட்டியிருந்தது.

"கேஸும் தீர்ந்துபோச்சு, பார்," என்று டுவேன் சிலிண்டரின் முள்ளைக் காட்டினான். அது பூஜ்யத்தில் கிடந்தது. பழுப்பு பீர் பீப்பாயிலிருந்து கேஸ் ஹோஸைக் கழற்றி அதன் வாயைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினான். "ஒரு மூச்சுகூட வரல. பீரை வேற பாத்திரத்துக்குத் தள்ளுறதுக்கு மொத்த கேஸையும் தீர்த்திருக்கான்."

அந்த விரலின் முட்டியில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதில் பழுப்பாக ஒரு சொட்டு ஊறியிருந்ததை லோர்னா பார்த்தாள். காயத்துக்குப் போட்ட மருந்தாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"இதைக் கடைசியா பார்த்தது யாரு?"

"நான்தான். நேத்து சாயங்காலம் ஆறு மணி. கேஸ் மாட்டி, சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்தேன். ஒரு நுரை இல்லை. பூட்டிட்டுப் போனேன்."

"சுவை பார்த்தியா?"

"வியாழக்கிழமையே பார்த்தாச்சே. அமிர்தம்."

"அமிர்தமாம்," என்றாள் பெவ். "நான் பார்த்தப்ப பழைய சாக்கு மாதிரி இருந்துச்சு."

"உனக்குப் பொறாமை. நீயே எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தாலும் ஆச்சரியமில்லை."

"டேய், என் பீர் ஜெயிக்கணும்னா உன் பீரைத் திருட வேண்டாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாலே போதும்."

டுவேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதற்காக வெட்கப்பட்டவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காலை 8.40.

ஆர்வோ நியெமி லாரியை வாசலில் நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். இன்றைக்கென்று புதுச் சட்டை போட்டிருந்தான். மடிப்புக் கோடுகள் இன்னும் கலையவில்லை. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, திறந்திருந்த ஃப்ரீசரையும் மூன்று முகங்களையும் பார்த்து அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"காலைல இங்கே வந்தியா, ஆர்வோ?" என்று கேட்டாள் லோர்னா.

"வந்தேன். அஞ்சேகால் இருக்கும். ராத்திரி விழுந்த பனியை வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போனேன்."

"அதனாலதான் வெளியில ஒரு காலடித் தடம்கூட இல்லை," என்றான் டுவேன்.

"உள்ளே வந்தியா?" என்று தொடர்ந்தாள் லோர்னா.

"ம். கை விறைச்சுப்போச்சு. ஹீட்டர்கிட்ட பத்து நிமிஷம் நின்னேன்."

"ஃப்ரீசரைத் திறந்தியா?"

"இல்லை."

"வேற ஏதாவது கவனிச்சியா? யோசிச்சுச் சொல்லு."

அவன் யோசித்தான். "ஒரு சத்தம். ஃப்ரீசருக்குள்ள தண்ணி ஓடுற மாதிரி, மெல்ல. மோட்டார்னு நினைச்சேன்."

"மூடின பெட்டிக்குள்ள ஆறு ஓடுச்சா?" என்றான் டுவேன். "மச்சான், என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. எடுத்தியா?"

"இல்லை மச்சான்."

லோர்னா ஓரடி முன்னால் வந்தாள். அவன் சட்டைக் காலரில் ஏதோ ஒட்டியிருப்பது போல அந்த இடத்தைப் பார்த்தாள். தான் எதற்காக அவ்வளவு நெருங்கினோம் என்பது அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. அவனுக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

"ஊதிக் காட்டட்டுமா, லோர்னா?"

குத்தலாகக் கேட்கவில்லை. பழகிப்போன ஒரு வேலையைச் செய்கிறவன் போல அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து மூச்சை விட்டான். காப்பி வாசம். வேறொன்றும் இல்லை.

அவளுக்குக் காது வரை சூடேறியது.

"கிறிஸ்டாகிட்ட சொல்லணும்னா சொல்லிடு மச்சான்," என்றான் ஆர்வோ. "உன் இடத்துல நான் இருந்தாலும் சொல்வேன். குழந்தை விஷயம்." தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய் லாரியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். வண்டியைக் கிளப்பவில்லை.

காலை 9.10.

லோர்னா பின் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். டுவேன் முன் ஹாலில் நாற்காலி போடுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாற்காலியும் தேவைக்கு மேல் சத்தமாக விழுந்தது.

ஜனவரியிலிருந்து அவள் ஆர்வோவுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. கடையில் பார்த்தாள், தபால் நிலையத்தில் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள். உயிரைத் திருப்பிக் கொடுத்தவனிடம் எந்த வார்த்தையைச் சொல்வது? சொல்லாத நன்றி நாளாக நாளாகக் கனத்துக்கொண்டே போகிறது. சுமக்கிறவர் மனசு எங்கேயாவது இறக்கிவைக்க இடம் தேடுகிறது. அவனும் ஒரு குடிகாரன்தானே என்று ஆகிவிட்டால் சுமை லேசாகிவிடும். அந்த ஒரு நொடியில் அவனை முகர்ந்து பார்த்தது சந்தேகம் மட்டும்தானா, இல்லை அந்த ஆசையுமா?

இந்தக் கேள்வியை அவள் தள்ளிவைக்கவில்லை. பதில் கசந்தது. கசப்போடேயே எழுந்து வேலையைத் தொடங்கினாள்.

அவளுடைய இருபத்திரண்டு வருஷ வேலையில் ஊரின் தண்ணீர் ஒருமுறைகூடக் காணாமல் போனதில்லை. மீட்டரில் குறைந்தது வேறெங்காவது நின்றிருக்கும். எந்த வழியாகப் போயிருக்கும் என்று கேட்பதை விட, எந்தெந்த வழியாகப் போயிருக்க முடியாது என்று ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருவதுதான் அவள் வழி.

குழாய் முனை வழியாகப் போகவில்லை. மூடி செருகியபடியே இருக்கிறது, தட்டில் தூசி.

பீப்பாயின் மேல் மூடி வழியாகப் போகவில்லை. மூடியின் விளிம்பைச் சுற்றி உறைபனி ஒரே வெள்ளைக் கோடாக ஒட்டியிருந்தது. திறந்திருந்தால் அது உடைந்திருக்கும்.

அடியில் ஓட்டை இல்லை. தரை காய்ந்திருக்கிறது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாசல். பீர் எப்போதும் போகாத வாசல்.

அவள் பீப்பாயின் தலைக்குக் குனிந்தாள். இந்தப் பீப்பாய்களுக்கு இரண்டு மூக்குகள். ஒன்றின் வழியாக கேஸ் உள்ளே இறங்கும், அதன் கீழே விரல் நீளத்தில் ஒரு குட்டைக் குழாய். இன்னொன்றின் வழியாக பீர் மேலே ஏறும், அதன் கீழே பீப்பாயின் அடிவரை போகும் நெட்டைக் குழாய். மேலிருந்து பார்த்தால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆனால் இரண்டு மூக்குகளின் ஆறுபட்டை விளிம்பிலும் புதிய கீறல்கள் பளபளத்தன. பல் பதிந்தது போன்ற கீறல்கள்.

சுவரோரம் ஆர்வோவின் கருவிப் பெட்டி. அதில் ஒரே ஒரு பாக்ஸ் ஸ்பேனர் துணியில் சுற்றிக் கிடந்தது. மூக்கின் மேல் தொப்பி மாதிரி உட்காரும், கீறாது. 'பல் வெச்ச ஸ்பேனரோட என் பீப்பாய்கிட்ட வந்தா கையை ஒடிச்சிருவேன்' என்று அவன் கூட்டத்தில் சொன்னதும், எல்லோரும் டுவேனைப் பார்த்துச் சிரித்ததும் அவளுக்கு நினைவு வந்தது.

டுவேனின் விரல் முட்டியில் பிளாஸ்திரி.

அதில் ஊறிய பழுப்புச் சொட்டு. காய்ந்த கேஸ் மட்டுமே வர வேண்டிய ஹோஸின் வாயிலிருந்து ஊறிய சொட்டு.

பீப்பாயின் மூடியைத் திறந்து டார்ச் அடித்தாள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாள். பிறகு ஃப்ரீசரின் மூலைக்குக் கை நீட்டி, விரலை மடக்கி ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். தலையைச் சாய்த்து அந்த ஒலியைக் கேட்டாள்.

காலை 10.20.

"எல்லாரும் உள்ளே வாங்க. ஆர்வோவையும் கூப்பிடு, பெவ்."

டுவேன் கையில் போனோடு வந்தான். ஆர்வோ கதவோரமாக நின்றான்.

"டுவேன், விரல்ல என்ன?"

"இதுவா? ஸ்பேனர் வழுக்கிருச்சு."

"எந்த ஸ்பேனர்? எப்போ?"

அவன் ஆர்வோவை ஓரக்கண்ணால் பார்த்தான். "நேத்து. பீப்பாய்ல கேஸ் மூக்கு லேசா சீறிக்கிட்டிருந்துச்சு. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் தேஞ்சிருக்கும்னு தெரிஞ்சுது. ஆர்வோ ரெண்டு ஷிஃப்ட் சேர்த்து ஓட்டிட்டு வந்து அப்பத்தான் படுத்திருந்தான். அவனை எதுக்கு எழுப்பணும்னு நானே மாத்திட்டேன். ஒண்ணை மாத்தினா இன்னொண்ணையும் மாத்திடலாமேன்னு ரெண்டு பக்கமும் மாத்தினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கசியவே இல்லையே! சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்தேன்னு சொன்னேனே."

"சொன்னே. நாம சோப்புத் தண்ணி அடிக்கிறது எப்போ? ஏதாவது பாகம் மாத்தினா மட்டும்தான். அது எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்." லோர்னா டார்ச்சை அவனிடம் நீட்டினாள். "உள்ளே பாரு. நெட்டைக் குழாய் எந்த மூக்குக்குக் கீழே இருக்கு?"

டுவேன் குனிந்தான்.

"கேஸ் மூக்குக்கு," என்றான்.

"ரெண்டு குழாயையும் ஒண்ணா கழட்டி மருந்துத் தண்ணியில போட்டே. எடுக்கிறப்ப இடம் மாத்திச் செருகிட்டே. மேல மூக்கு ரெண்டும் சரியான இடத்துல உட்கார்ந்திருக்கு, அதனால வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒரு கோப்பை பிடிச்சிருந்தா அப்பவே மாட்டியிருப்பே, வெறும் காத்துதான் வந்திருக்கும். நீ பிடிக்கல."

"அதனால பீர் எப்படிம்மா காணாமப் போகும்?" என்றாள் பெவ். "சிலிண்டர்லேர்ந்து கேஸ் அழுத்திக்கிட்டுத்தானே இருக்கும்?"

"சிலிண்டர்ல கேஸ் இருக்கிற வரைக்கும். டுவேன், வேலை செய்யறப்ப இந்தப் பீப்பாயோட ஹோஸைக் கழட்டி எங்கே வெச்சே?"

"தரையில பட வேண்டாம்னு..." அவன் குரல் இறங்கியது. "அந்தக் காலிப் பீப்பாய்ல மாட்டினேன். அப்புறம் சும்மா கிடந்த மூணாவது ஹோஸை எடுத்து இதுல மாட்டிட்டேன்."

"அந்தக் காலிப் பீப்பாய்க்கு மூடி வளையம் வெடிச்சிருக்கு. ராத்திரி பூரா அது வழியா கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு சிலிண்டர் தீர்ந்துச்சு. தீர்ந்ததும் மேலேர்ந்து அழுத்த ஆளில்லை. பீருக்குள்ள கரைஞ்சிருக்கிற கேஸ் சும்மா இருக்குமா? பீரை நெட்டைக் குழாய் வழியா மேலே தள்ளிச்சு. கேஸ் ஹோஸ் வழியாவே வெளியே வந்துச்சு."

"பின்னால போகாம ஹோஸ்ல ஒருவழி வால்வு இருக்கே," என்றான் டுவேன்.

"இருக்கு," என்று ஆர்வோ முதல் முறையாக வாயைத் திறந்தான். "மூணாவது கிளையோடது தேஞ்சுபோச்சு. மாத்தணும்னு பிப்ரவரியில சொன்னேன். ஏப்ரல்ல பார்த்துக்கலாம்னு சொன்னே, மச்சான். அதனாலதான் அந்த ஹோஸை நான் சும்மா போட்டு வெச்சிருந்தேன்."

டுவேன் கையிலிருந்த போனைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அஞ்சேகால் மணிக்கு ஆர்வோ கேட்டது மோட்டார் சத்தம் இல்லை," என்றாள் லோர்னா. "பீர் ஒரு பீப்பாய்லேர்ந்து இன்னொண்ணுக்குப் போய்க்கிட்டிருந்த சத்தம். திருட்டும் இல்லை, குடியும் இல்லை. செஞ்சது நீதான் டுவேன். அதுவும், தூங்குற ஆளை எழுப்பக் கூடாதுங்கிற நல்ல எண்ணத்துல செஞ்சே."

"அப்போ பீர்?"

"ஆர்வோ, அந்தக் காலிப் பீப்பாயைத் தூக்கு."

"காலின்னு எழுதினதே நான்தானே," என்றபடி அவன் ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். பீப்பாய் அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்தான். ஃப்ரீசரின் விளிம்புக்கு மேலே அதைத் தூக்கியபோது கழுத்து நரம்பு புடைத்தது. உள்ளே கனமாக, நிறைவாக ஒரு சலசலப்பு.

"நாலு பேரும் காலையிலேர்ந்து அந்த அட்டையை எத்தனை தடவை படிச்சோம்!" என்றாள் பெவ். "ஒரு ஆள் கை வெச்சோமா?"

"நானும் படிச்சேன்," என்றாள் லோர்னா. "காலின்னு எழுதியிருந்தா யாரும் தட்டிக்கூடப் பார்க்கிறதில்லை."

காலை 10.45.

ஆர்வோ சட்டைக் கையை மடித்துக்கொண்டான். லாரியிலிருந்து எடுத்து வந்த புதிய மூடி வளையத்தை மருந்துத் தண்ணீரில் நனைத்தான். பழையதை நகத்தால் நெம்பி எடுத்தபோது அது இரண்டு துண்டாக உடைந்தது. புதியதை மூடியின் விளிம்பில் அழுத்தி ஒரு சுற்று நீவினான். குழந்தைக்குத் தொப்பி போடுகிறவன் போல அவ்வளவு மெதுவாக, காதைக் கொண்டுபோய் வைத்து மூடியைப் பூட்டினான். பெவ் தன் வண்டியிலிருந்து வேறொரு சிலிண்டரைத் திட்டிக்கொண்டே உருட்டி வந்தாள். தேய்ந்த வால்வைக் கழற்றி டுவேனின் கையில் வைத்தான் ஆர்வோ. டுவேன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இறங்கிப்போன கேஸை ஏற்ற வேண்டும். பீப்பாயைப் படுக்கவைத்து, கேஸை விட்டுக்கொண்டே டுவேனும் பெவ்வும் இருபுறமும் உட்கார்ந்து முன்னும் பின்னும் உருட்டினார்கள்.

"மெல்லடா, மாவு பிசையறியா?"

"நீ பேசாம தள்ளு."

லோர்னா ஆர்வோவின் பக்கத்தில் போய் நின்றாள். வானிலையைப் பற்றி ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினாள்.

"ஜனவரியில உன் விளக்கைப் பார்த்துக்கிட்டேதான் போனேன், ஆர்வோ. அது அணைஞ்சா நானும் அணைஞ்சிருவேன்னு நினைச்சேன். இன்னிக்கு வரைக்கும் உனக்கு நன்றி சொல்லல. காலைல உன் மூச்சை வேற மோந்து பார்த்தேன்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினான். "மோந்து பார்த்த அப்புறமும் தேடினியே. இதுக்கு முன்னாடி மோந்து பார்த்தவங்க யாரும் தேடினதில்லை."

பெவ் ஒரு கோப்பை பிடித்து லோர்னாவிடம் கொடுத்தாள். லோர்னா குடித்துப் பார்த்தாள். ஆர்வோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு," என்றாள். "நிஜமாவே ரொம்ப நல்லா இருக்கு."

"சாக்கு வாசம் போயிருச்சு," என்றாள் பெவ்.

காலை 11.50.

முற்றத்தில் பனி லாரிகள் வரிசையாக வந்து நிற்கத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவே நீல நிறக் கார் ஒன்று தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தது. ஆர்வோ ஜன்னலோரத்தில் நின்றான், வெளியே போகவில்லை. கால் வரவில்லை என்று லோர்னாவுக்குப் புரிந்தது.

டுவேன்தான் போனான். கோட்டுப் போடாமல், பனிச்சேற்றில் நேராக நடந்து போய் கார் ஜன்னலில் குனிந்தான். கண்ணாடி இறங்கியது. அவன் பேசுவது கேட்கவில்லை. கை மட்டும் தெரிந்தது. ஒருமுறை ஹாலைக் காட்டியது, ஒருமுறை தன் நெஞ்சைத் தொட்டது. அந்த இளம்பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். நெடுநேரம். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள்.

கிறிஸ்டா குழந்தையை மார்போடு அணைத்தபடி பின் அறை வாசலில் வந்து நின்றாள். சுருட்டிய கம்பளிக்குள் சிவந்த மூக்கு மட்டும் தெரிந்தது.

"மாமா எல்லாத்தையும் சொன்னாங்க," என்றாள். "தப்பு தன்னோடதுன்னு. நீங்க கோபமே படலன்னும் சொன்னாங்க."

"கோபப்பட என்ன இருக்கு?" என்றான் ஆர்வோ. கையைப் புதுச் சட்டையில் துடைக்கப் போய் நிறுத்திக்கொண்டான்.

"கையெல்லாம் கிரீஸா இருக்கு, அப்பா. கழுவிட்டு வாங்க."

அவன் கழுவப் போனான். தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கி, மறுபடி நின்றது. முழங்கை வரை நனைந்த கைகளை முன்னால் நீட்டியபடி, எங்கே துடைப்பது என்று தெரியாமல் வந்து நின்றான். கிறிஸ்டா தன் கழுத்துச் சால்வையை உருவி, ஒவ்வொரு விரலாக அவற்றைத் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டு, குழந்தையை அந்தக் கைகளில் வைத்தாள்.